செயலாளரின் ஆண்டறிக்கை 2025: நம் தென் செபராங் பிறை வட்டாரத்தில் வீடற்றோர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, மகளிர், இளைஞர் பிரிவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, எஸ்.பி.எம். தேர்வு வழிகாட்டி வகுப்பு, இரத்த தான முகாம், தீபாவளி அன்பளிப்பு எல்லாம் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. உழைத்த அனைவருக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் படைப்பார். இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கச் செயலவை இசைவு தந்திருக்கிறது.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "வீடில்லாதவங்கள்லாம் ஜார்ஜ்டவுன்லயும் பட்டர்வொர்த்லயும்தான இருக்காங்க? நிபோங் திபால்ல யாரு ரோட்டுல படுக்கிறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பினாங்குத் தீவில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தபோது பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது ஊரறிந்தது. அங்கே கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் படுத்திருப்பவர்களைக் கண்ணால் பார்க்கலாம். நம் பக்கம் ஜாவியிலும் சுங்கை பாக்காப்பிலும் சிம்பாங் அம்பாட்டிலும் அப்படி யாரும் கண்ணில் படுவதில்லை. அதனால் சமூக சேவைக் குழு கடைத்தெருவை விட்டுவிட்டு, கோயில் நிர்வாகத்தினரிடமும் ஒட்டுக்கடைக்காரர்களிடமும் பழைய தோட்ட மக்களிடமும் விசாரித்தது.

விசாரித்த பிறகுதான் தெரிந்தது, ஆட்கள் இருக்கிறார்கள். காலியான லயத்தில், அதாவது பழைய தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் ஒருவர். தங்கை வீட்டுச் சமையலறையில், கடைசிப் பாத்திரம் கழுவி முடியும்வரை காத்திருந்து பாய் விரிக்கும் ஓர் அம்மா. காடியிலேயே தூங்கி, பெட்ரோல் நிலையத்தில் குளித்துவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர்.

ஒரு பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் படுக்கிறார். ஐயர் வருவதற்கு முன்பே எழுந்து, பாயைச் சுருட்டி வாகன அறைக்குப் பின்னால் செருகிவிட்டு, வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவார். பார்ப்பவர்கள் அவரைக் கோயில் வேலையாள் என்றுதான் நினைக்கிறார்கள். பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை அறுத்தவர். அடையாள அட்டையை மைலோ பாக்கெட்டில் மடித்து இடுப்பில் வைத்திருக்கிறார். அதில் இருப்பது தோட்டத்து முகவரி. "தம்பி, ஐசில இருக்கற எடத்துல இப்ப காடி நிறுத்துறாங்க" என்றார். நாற்பது வயதுக்காரனான என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவர்களில் பலருக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. 1990ஆம் ஆண்டு ஊழியர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது; வேலையை விட்டு நின்ற பிறகு எங்கே போவது என்பதற்கு அதில் வழியில்லை. அறுபது வயதில் வேலை போனால் வீடும் போகும். சேமநிதிப் பணம் பிள்ளை கல்யாணத்திலோ மருத்துவத்திலோ கரைந்திருக்கும். 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தபின், அது வந்து இறங்கும் பத்து காவானில் நிலத்தின் விலையும் வாடகையும் எங்கே போயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

இளைஞர்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் ஹாஸ்டலில் இடம் தருகிறார். கான்ட்ராக்ட் முடிந்த அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். தாத்தாவுக்கு லயம், பேரனுக்கு ஹாஸ்டல். சம்சு என்ற மலிவு மதுவால் குடும்பத்தைப் பிரிந்தவர்களும், மனநோய்க்கு மருந்தை இடையில் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் "குடித்துத்தான் கெட்டான்" என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிடும் பழக்கத்தை நம் சங்கமாவது விட வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். வீடு போன பிறகு குடிக்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் பொது இடத்தில் காணப்படுபவர்களைப் பற்றியே பேசுகிறது. சமூகநல அதிகாரி அவர்களை அழைத்துச் சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். விசாரணை அறிக்கைக்காக ஒரு மாதம் வரையும், அதன்பின் மூன்றாண்டு வரையும் நல இல்லத்தில் தங்க உத்தரவு வரலாம். அதற்கான டேசா பினா டிரி இல்லங்கள் ஜொகூரின் மெர்சிங்கிலும் பகாங்கின் ஜெராந்துட்டிலும் உள்ளன. இங்கே பிறந்து வளர்ந்த முதியவருக்கு அது வேறு நாடு மாதிரி. பலர் நம்மிடம் பேசவே தயங்கியதற்கு இந்தப் பயமும் காரணம். மண்டபத்திலும் லயத்திலும் உறவினர் வீட்டிலும் ஒதுங்கியிருப்பவர்களோ, தெருவில் தலையெண்ணும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். உதவி கேட்டு நிபோங் திபாலிலிருந்து பட்டர்வொர்த் போகலாமென்றால் 30 கிலோமீட்டருக்கு மேல்; கையில் பஸ் காசு இருக்காது.

ஆகவே இவ்வாண்டு குழு முதலில் கையிலெடுத்தது முகவரிப் பிரச்சினையை. முகவரி மாறினால் தேசியப் பதிவிலாகாவில் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. புது முகவரியே இல்லாதவர் எதைத் தெரிவிப்பார்? முதியோருக்கான மாத உதவி இவ்வாண்டு 600 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. அதற்கு மனு செய்தால் அதிகாரி வந்து பார்க்க ஓரிடம் வேண்டும், வங்கிக் கணக்கும் வேண்டும். உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு முகவரியைத் தந்து, பின்னறையையும் ஒழித்துக் கொடுத்ததால் அந்தப் பெரியவருக்கு மனு போட முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை. பொருளாளர் மாதந்தோறும் கேட்டு வருகிறார். சமையலறையில் படுக்கும் அம்மாவுக்கு, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. அதனால் அவர் விஷயம் இழுத்துக்கொண்டே போகிறது. அதைக் கைவிடக் குழுவுக்கு மனமில்லை.

வரும் ஆண்டுக்குச் செயலவை மூன்று காரியங்களை முன்வைக்கிறது. சங்கக் கட்டடத்தின் பின்புறச் சாமான் அறையைக் குளியலறையோடு சீரமைத்து, அவசரத்துக்குச் சில இரவுகள் தங்கும் இடமாக்குவது. அதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி கேட்டிருக்கிறோம். ஓய்வு பெறப் போகும் தோட்டத் தொழிலாளர்களை வேலை முடிவதற்கு முன்பே சந்தித்து, அரசின் மலிவு விலை வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் மனு எழுதித் தருவது. மண்டபத்தில் படுப்பவரை விரட்டாமல் நமக்குத் தகவல் சொல்லும்படி கோயில்களைக் கேட்டுக்கொள்வது. அவசரமென்றால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அறை சீரமைப்புக்குக் கொத்தனார், குழாய் வேலை, வயரிங் தெரிந்த உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கட்டில், மெத்தை நல்ல நிலையில் இருந்தால் மட்டும் தாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
தென் செபராங் பிறை, பினாங்கு