பாம்புக் கிரீடம் பெட்டிக்குள் இருக்கிறது

அன்புள்ள யாழினிக்கு,

நீ கேட்ட மெதூசா கிரீடம், அதுதான் கிரேக்கக் கதையில் கூந்தலெல்லாம் பாம்பாக இருப்பவளுடையது, இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எடுத்து மாட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடு.

நீ போனில் அனுப்பிய படம் மாதிரி இது இருக்காது. அதில் இருந்தவள் லிப்ஸ்டிக் போட்ட அழகி, தலையில் நாலு ரப்பர் பாம்பு. மெதூசா ஆரம்பத்தில் அப்படி இல்லை. பழைய கிரேக்கர்கள் அவளை ஜாடியிலும் கேடயத்திலும் வரைந்தபோது உருட்டி விழிக்கும் கண், கோரைப்பல், தொங்கும் நாக்கு என்றுதான் வரைந்தார்கள். கிரேக்க நாட்டுக் கோர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் என்ற பெண் தெய்வத்தின் கோயில் முகப்பில் கி.மு. 580 வாக்கில் செதுக்கிய மெதூசா இப்போது அங்கே மியூசியத்தில் இருக்கிறாள். அவளுக்கு இடுப்பில்கூட இரண்டு பாம்பு முடிச்சுப் போட்டிருக்கும். கெட்டது அண்டாமல் இருக்க வைத்த முகம் அது. முத்தியால்பேட்டையில் வீடு கட்டுகிறவர்கள் சாரத்தில் தொங்கவிடும் திருஷ்டி பொம்மைக்கும் அதே வேலைதானே. அதனால் நாக்கை மட்டும் நீ நீட்டிக்கொள்ள வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொண்டேன்.

நான் பிள்ளைகளைப் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போகும்போது, 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டி ரோமானியச் சாடி ஓடுகளை எடுத்த இடம் என்று சொன்னால் கொட்டாவி விடுவார்கள். யவனர்களின், அதாவது கிரேக்க ரோமானியர்களின், சாமிக் கதைக்கு வந்தால்தான் நிமிர்வார்கள். மூன்று சகோதரிகளில் சாவு உள்ளவள் மெதூசா ஒருத்திதான் என்பதில் தொடங்குவேன். அழகாக இருந்தவளின் கூந்தலை அதீனா என்ற பெண் தெய்வம் பாம்பாக்கினாள் என்பது பின்னால் ரோமானியக் கவி ஓவிட் சொன்னது. கோயிலில் அத்துமீறியது கடல் தெய்வம், சாபம் மட்டும் இவளுக்கு. அந்த இடத்தில் பெண் பிள்ளைகள் முகம் சுளிக்கும். நியாயம்தான்.

சரி, கிரீடத்துக்கு வருகிறேன். வழியில் நசுங்கியிருந்தால் நீயே சரிசெய்துகொள்ளத் தெரிய வேண்டும். அடியில் இருப்பது அம்மா வெட்டிக் கொடுத்த பக்ரம் (விறைப்பான துணி) பட்டை, இரண்டு மடிப்பு, பின்னால் எலாஸ்டிக். ஒவ்வொரு பாம்புக்குள்ளும் கட்டுக்கம்பி ஓடுகிறது. வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்து, சடாரென்று மடக்கினால் மேலே உள்ள காகிதம் வெடிக்கும். கம்பியின் அடியை வளையமாகச் சுருட்டிப் பட்டையோடு வைத்துத் தைத்தது அம்மா. ஃபெவிகாலால் ஒட்டலாமே என்றேன், "ஒட்டினது பிய்ந்து வரும், தைத்தது நிற்கும்" என்று ஊசியை எடுத்துவிட்டாள். கம்பி முனை குத்தாமல் இருக்க உள்பக்கம் என் பழைய வேட்டித் துணி.

உடம்பெல்லாம் நியூஸ்பேப்பர் கீற்றும் மைதா பசையும். தலைகள் மட்டும் காகிதக் கூழ். முட்டை அட்டையை ராத்திரி ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, சாக்பீஸ் பொடியும் ஃபெவிகாலும் போட்டுப் பிசைந்தேன். மிக்ஸி ஜார் விஷயத்தை அம்மாவிடம் கேட்காதே. திருக்கனூரில் காகிதக் கூழ் பொம்மை செய்து புவிசார் குறியீடு வாங்கியவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள், அந்தக் கைவாகு வேறு. நம் கடற்காற்றில் இது லேசில் காயாது. மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதன்மேல் பெயிண்ட் அடித்தால் பூஞ்சைதான். மொட்டைமாடியில் வெயில் போன பக்கமெல்லாம் நகர்த்தி வைத்தேன்.

செதிலைப் பார்த்தாயா? கையால் ஒன்றுகூட வரையவில்லை. சாத்துக்குடி வாங்கின வலைப்பையைப் பாம்பு மேல் இறுக்கி இழுத்துக் கட்டி, கரும்பச்சைக்கு மேல் தங்கப் பெயிண்டை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றினேன். ரொம்பத் தொட்டால் வழிந்துவிடும், ஸ்பாஞ்ச் கிட்டத்தட்ட வறண்டே இருக்க வேண்டும். வலையை உரித்ததும் செதில் செதிலாக நின்றது. அம்மாகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கண்ணுக்குப் பிள்ளையாருக்கு வைக்கிற குன்றிமணிதான். ஏதாவது உதிர்ந்தால் உடனே பொறுக்கிவிடு. அது விஷம், குழந்தைகள் இருக்கிற வீடு என்றாய்.

மாட்டும்போது முடியைப் பின்னிக் கொண்டை போட்டுக்கொள். பட்டை காதுக்கு மேலே உட்கார வேண்டும், நாலு இடத்தில் கொண்டை ஊசி குத்து. நீளப் பாம்புகளைப் பின்னாலும் குட்டிகளை நெற்றியிலும் வைத்தது வேண்டுமென்றேதான். முன்பக்கம் கனத்தால் நடக்க நடக்கப் புருவத்தில் வந்து இறங்கிவிடும். மழை தூறினால் பைக்கில் போகாதே, ஆட்டோ பிடி. வார்னிஷ் அடித்திருக்கிறேன், ஆனாலும் ஊறினால் பழையபடி கூழ்தான்.

ஓரத்தில் முறுக்கு டப்பா இருக்கும். கிரீடம் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்தாளாம் அம்மா. டப்பாவைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம், மூடியோடு.

அன்புடன்,
அப்பா