அந்த ‘லேசான’ பக்கவிளைவுகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இமாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரையைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதையும், 2013 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனத்துக்குக் காப்புரிமை மறுத்ததையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், ‘பக்கவிளைவுகள் லேசானவையே’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காக ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் 400 மி.கி. விழுங்கி வருகிறவன் நான். அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது.

இரண்டாம் மாதம் ஒரு நாள் காலை, கண் திறக்க முடியாதபடி இமைகள் வீங்கியிருந்தன. சிறுநீரகம் போய்விட்டது என்று வீடே அரண்டது. இரவானால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். யாரையும் கேட்காமல் பன்னிரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினேன். வீக்கம் வடிந்தது. “பார்த்தாயா, மாத்திரைதான் விஷம்” என்றார்கள் உறவினர்கள்.

விஷயம் தெரிந்ததும் மருத்துவர் கடிந்துகொண்டார். இந்த மருந்து உடம்பில் நீர் கோக்க வைக்கும், இமை வீக்கம் பலருக்கும் வருவதுதான், திடீரென்று எடை கூடினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும் என்றார். சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஏன் நிறுத்தப் போகிறேன்?

நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் சூது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நோயணுக்கள் பெருகுவதை, ரத்தத்தில் அவற்றின் மரபணுத் தடயத்தைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் காட்டிக் கொடுக்கும்.

மற்ற மருந்துகளோடு சேரும்போது வரும் சிக்கலையும் கட்டுரை தொடவில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினும் இமாடினிப்பின் வீரியத்தைக் குறைத்துவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். சளிக்கு மருந்து கேட்டுக் கடைக்குப் போகிறவருக்கு இது எப்படித் தெரியும்? இந்த மாத்திரை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்பதையும் இளம்பெண்களிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

நான் வாங்கும் கடையில் மாத்திரை அட்டையைக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். விவரத்தாள் டப்பாவோடு அங்கேயே நின்றுவிடும். கேட்டு வாங்கினாலும் பொடி எழுத்தில் முழுக்க ஆங்கிலம். அரைப் பக்கத் தமிழ்த் தாள் ஒன்று சேர்த்துத் தர என்ன செலவாகிவிடும்?

இப்போதைக்கு என் மனைவி எழுதிய தாள்தான் நாட்காட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிறது: ‘சாப்பிட்ட பிறகு. பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். வெள்ளிக்கிழமை எடை பார்க்க.’

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
தஞ்சாவூர்.