வெள்ளம் ஏறிய உயரத்தை அழித்துவிடாதீர்கள்

பாலாற்றங்கரை ஊர்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெரு அங்கன்வாடிச் சுவருக்கு வெள்ளையடித்தீர்கள். சுவர் பளிச்சென்று இருக்கிறது, நன்றி. ஆனால் அதிலிருந்த நீலக் கோடும் சேர்ந்து போய்விட்டது. 2021 நவம்பரில் பாலாறு எங்கள் தெருவுக்குள் வந்து நின்ற உயரம் அது. தண்ணீர் வடிந்ததும், சேறு காய்வதற்குள், யார் வீட்டிலோ மிச்சமிருந்த பெயிண்டை வாங்கி நாங்களே போட்டது.

அந்த வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் சேதமானது, பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தது எல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். கோப்பில் இல்லாததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. அதற்கப்புறம் ஒரு வருஷம், தூறல் விழுந்தாலே கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் அக்கா அவனை அந்தச் சுவரோரம் நிறுத்தினாள். கோடு தலைக்கு மேலே இருந்தது. "அடுத்த வருஷம் பார், நீ தாண்டிடுவ" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே நின்று அளந்து பார்ப்பார்கள். கடைசியாக அளந்தபோது கோடு அவன் மோவாய்க்கு வந்திருந்தது.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரை இல்லாததை வைத்தே சொல்லிவந்தார்கள். எங்க நைனாவும் அப்படித்தான் சொல்வார். கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரரை ஊர் மக்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 1806இல் வேலூர்க் கோட்டையில் வெள்ளையரை எதிர்த்துக் கிளர்ந்த சிப்பாய்களுக்கு மக்கான் பகுதியில் தூண் நிற்கிறது. 1903 நவம்பர் 12 வெள்ளத்தில் மாண்டவர்களுக்கு வாணியம்பாடியில் நினைவுத்தூண் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டியும் அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள். பட்டதை மறக்காத மண் இது. 2021க்கு எங்களிடம் இருந்தது ஒரு நீலக் கோடு மட்டும்தான்.

ஆற்றில் குப்பை கொட்டுவதைத் தடுக்க ஆள் இல்லை, கரையை வளைத்துக் கட்டுகிறவர்களைக் கேட்க ஆள் இல்லை, வெள்ளம் வந்த தடத்தை அழிக்க மட்டும் ஒரே நாளில் ஆள் வந்துவிட்டதே என்று வயிறு எரிகிறது. மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுக் கொடுங்கள். இந்த முறை பெயிண்ட் வேண்டாம், தேதி வெட்டிய ஒரு கல்லாகப் பதித்துத் தாருங்கள். கல்லுக்கான செலவைத் தெருவிலேயே வசூல் செய்துகொள்கிறோம், உங்கள் அனுமதி போதும். உயரம் தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். எதிர்வீட்டு ஜன்னலில் கீழிருந்து இரண்டாவது கம்பி, அங்கே துரு இன்னும் இருக்கிறது. ஆளை அனுப்புங்கள், காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைத் தெருவாசி ஒருவர்