முழு ஆல்பம் கேட்பவர்கள் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கும் பொறுமை இன்று யாருக்கும் இல்லை என்று சென்ற இதழின் இசைப் பகுதியில் படித்தேன். எந்த வாசகரைக் கேட்டு இதை எழுதினீர்கள்? அண்மைக் காலமாக என் இரவுகள் முழு ஆல்பங்களோடுதான் கழிகின்றன.

1967இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' என்ற வாத்திய இசை ஆல்பம் உங்களுக்குத் தெரியாததல்ல. சிவகுமார் சர்மாவின் சந்தூர் என்னும் நரம்பு வாத்தியம், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் அந்த ஆல்பம். விடியலுக்கு ஆஹிர் பைரவ், பிறகு பொழுதுக்கேற்ற ராகங்கள், முடிவில் பஹாடி. இதில் எதை உருவி எடுத்து 'கேட்க வேண்டிய மூன்று உருப்படிகள்' என்று கட்டம் கட்டுவீர்கள்? விடியலில்லாமல் அந்தியை மட்டும் கேட்கச் சொல்வீர்களா?

இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பமும் அப்படித்தான். ஏறக்குறைய 18 நிமிடம் அனல் பறக்கும் முதல் உருப்படி. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான, மிக அமைதியான இரண்டாவது. அதன்பின் அரை மணி நேரத்தை நெருங்கும் மூன்றாவது. நடுவிலுள்ள அந்த அமைதியைத் தனியே கேட்டால் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் உருப்படியின் வேகத்தில் மூச்சுத் திணறியவனுக்கு அது தரும் ஆறுதல் வேறு. வரிசையும் இசையமைப்பின் ஒரு பகுதி, ஐயா. ஆல்பம் பக்கத்தில் பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை முன்னிறுத்த வேண்டாம் என்று பாடகி அடேல் 2021இல் கேட்டுக்கொண்டபோது இசைச் செயலியான ஸ்பாட்டிஃபையின் நிறுவனமே இசைந்தது. 30 விநாடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏற்றும் செயலிக்குப் புரிந்தது, பல்லாண்டுகளாக இசைக்குப் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைக்குப் புரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இந்த வருத்தம் இன்று வந்ததல்ல. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை முன்பொரு முறை திரைப்படப் பின்னணி இசைத் தொகுப்பு என்று அச்சிட்டீர்கள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் (Bach) காணிக்கையாக 1986இல் தனித்தே வெளிவந்த படைப்பு அது. படத்தில் பயன்பட்டது பிறகுதான். நான் எழுதிய மறுப்பில் பாராட்டு வரிகளை மட்டும் வெளியிட்டு, பிழையைச் சுட்டிய பத்தியை வெட்டிவிட்டீர்கள். அந்த ஆல்பத்தில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மனின் பெயரை அந்தப் பத்தியில் குறிப்பிட்டிருந்தேன்; அதுவும் போயிற்று. உங்கள் விமர்சனங்களில் பாடியவர் பெயர் வருகிறது, வெளியீட்டு விழாவுக்கு வந்த விருந்தினர் பெயர்கூட வருகிறது. கடம் வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் பெயர்கள் வருவதே இல்லை. அன்று இசைத்தட்டின் உறையிலாவது அவர்களுக்கு இடம் இருந்தது. இன்று செயலியில் தேடினாலும் பல ஆல்பங்களுக்கு அந்தப் பெயர்கள் கிடைப்பதில்லை. நீங்களும் கைவிட்டால் அவர்கள் பெயரை எங்கே போய்ப் படிப்பது?

முழுப் பக்க விமர்சனம் மீண்டும் வர வேண்டும் என்று கேட்க ஆசைதான், இடமில்லை என்பீர்கள். ஒவ்வோர் ஆல்பம் அறிமுகத்தின் கீழும் வெளியான ஆண்டு, உருப்படிகளின் வரிசை, வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் ஆகியவற்றைச் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். நான்கு வரி போதும். இந்தக் கடிதத்தை வெளியிட்டால், நரசிம்மன் பெயரை இம்முறை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்