இரண்டாம் தவணை நிறைவில் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டியில் எமது மாணவர்கள் வலய மட்டத்தில் பரிசு பெற்றார்கள். வலைப்பந்து அணியும் சளைக்கவில்லை. கூரைத் திருத்தம் ஒருவழியாக முடிந்தது. உழைத்த எல்லோருக்கும் நன்றி.

தரம் 8 பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'நம் ஊரை அறிவோம்' சுற்றுலாக்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்டியிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளில் பலர் தலதா மாளிகையை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தார்கள். அது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

முதல் சனிக்கிழமை வாவியைச் சுற்றி நடந்தோம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் வயல் நிலத்தை மறித்துக் கட்டுவித்த வாவி அது. கரையிலுள்ள மேகச் சுவரின் முக்கோணக் குழிகளுக்குள் பிள்ளைகள் கைவிட்டுப் பார்த்தார்கள். விளக்கு வைக்கும் இடங்கள் அவை. அந்தச் சுவர் முழுச் சுற்றும் வராமல் பாதியில் நின்றுவிடுகிறது. 1815இல் ஆங்கிலேயர் மன்னனைப் பிடித்ததையும், வேலூருக்கு அனுப்பியதையும், 1832இல் அவன் அங்கேயே இறந்ததையும் சுவர் நின்றுபோன இடத்தில் வைத்துச் சொன்னோம். வகுப்பறையில் கொட்டாவி விடுகிறவர்கள்கூட வாய் மூடிக் கேட்டார்கள்.

அடுத்தது ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக்குள் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று ஆசிரியை சொன்னதும், "அவ்வளவையும் அவர் தனியாகவா நட்டார், டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். தோட்டத்தில் பிறந்த பிள்ளை. எந்த வினாத்தாளிலும் இத்தனை நல்ல கேள்வியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கடலாதெனிய, லங்காதிலக விகாரைகள். இரண்டும் 1344ஆம் ஆண்டு, கம்பளை அரசர் காலத்தில் எழுந்தவை. கடலாதெனியவின் கற்கோயிலைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர். லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. ஓர் எழுத்தையாவது அடையாளம் கண்டுவிட வேண்டுமென்று பிள்ளைகள் பாறையோரம் முட்டிமோதினார்கள்.

சரி, இந்தக் கடிதம் எழுதவேண்டி வந்த காரணத்துக்கு வருகிறேன்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை, சொன்னபடியே மூன்றரைக்கு பஸ் பாடசாலை வாசலுக்கு வந்தது. ஐந்து மணிக்கும் கூட்டிப்போக யாரும் வராமல் பதினொரு பிள்ளைகள் நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. காவலாளி தன் வீட்டிலிருந்து பிளேன்டீ போட்டு வந்து கொடுத்தார். ஒரு பிள்ளை விறாந்தை விளக்கின் கீழ் உட்கார்ந்து, காலையில் பார்த்த கல்தூணை வரைந்தது; முடித்துவிட்டு இன்னொன்றும் வரைந்தது. கடைசிப் பிள்ளை போனபோது ஆறு நாற்பது. கூட வந்த ஆசிரியை அதற்குப் பிறகுதான் மாத்தளைக்கு பஸ் ஏறினார். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கேட்டால் வீதி நெரிசல் என்கிறீர்கள். உண்மைதான். சுற்றிலும் மலை, நடுவில் குழி மாதிரி நகரம், உள்ளே வர விரல்விட்டு எண்ணக்கூடிய வீதிகள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்த ஊரைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் போனதற்கு இந்த மலைகளும் ஒரு காரணம். ஆனால் அவர்களுக்கு வழி தெரியாது. உங்களுக்குத் தெரியும். பேராதனை வீதி சனிக்கிழமை மாலையில் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இரண்டு வாரம் முன்பே நேரத்தையும் எழுதி அனுப்பியிருந்தோம்.

ஒரு தந்தை தொலைபேசியில், "டீச்சர் இருக்கிறார்தானே, என்ன அவசரம்?" என்றார். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டீச்சர் இருப்பது பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல், உங்களுக்குத் தாமதிக்க உரிமை இருப்பதால் அல்ல. அடுத்த தவணையிலிருந்து, குறித்த நேரத்துக்கு மேல் அரை மணித்தியாலம் பிந்தினால் பெற்றோர் அலுவலகப் பதிவேட்டில் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதே வீட்டில் இரண்டாம் முறையும் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை. பெற்றோரின் பிழைக்குப் பிள்ளை தண்டனை அனுபவிப்பதா என்று ஆசிரியர்கள் இரண்டு பேர் என்னோடு வாதாடினார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால்தான் முதல் முறையை வெறும் கையொப்பத்தோடு விடுகிறேன்.

உங்களில் பலர் நாட்சம்பளத்துக்குப் போகிறவர்கள், சனிக்கிழமையும் கடை திறக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அயல்வீட்டாரோடு அனுப்புவதாக இருந்தால் ஒரு துண்டுக் கடிதம் போதும். அன்று தன் வானில் மூன்று பிள்ளைகளைக் கட்டுகஸ்தோட்டை வரை கொண்டுபோய் விட்ட பெற்றோருக்கும், மழையில் குடையோடு வந்து மற்றப் பிள்ளைகளுக்கும் பணிஸ் வாங்கிக் கொடுத்த அம்மாவுக்கும், சொன்ன நேரத்துக்கு வந்த எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

மூன்றாம் தவணையில் லூல்கந்துரவுக்கே போகிறோம். வளைவுப் பாதை என்பதால் திரும்பும் நேரம் கொஞ்சம் முன்பின்னாகலாம். பஸ் கலஹாவைக் கடந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தகவல் வரும். அதைப் பார்த்ததும் புறப்படுங்கள். தோட்டத்தில் குளிரும், பிள்ளையிடம் ஒரு ஸ்வெட்டரும் கொடுத்து விடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்