பற்றரியின் கணக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தானாக ஓடும் வாகனங்கள் பற்றிச் சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பெரிய கார் கம்பனிகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்யும் வாகனப் பொறியியல் நிறுவனங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் இலங்கையில் இன்று இல்லாதது அந்த நடு ஆள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரித்தானியாவின் ரிக்கார்டோ நிறுவனத்தைப் பாருங்கள். 1915இல் தொடங்கியது. மற்றவர்களுடைய வாகனங்களுக்கு எஞ்சின் வடிவமைத்து, சோதித்து, குறை சொல்லிக் கொடுத்தே பெயர் எடுத்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் ‘சார்ட்ரே’ என்ற கூட்டு ஆராய்ச்சி ஆரம்பமானபோது அதை முன்நின்று நடத்தியதும் இவர்களே. நான்கு நாடுகள், ஏழு பங்காளிகள். முன்னால் ஒரு லொறி, அதைப் பயிற்சி பெற்ற சாரதி ஓட்டுவார். பின்னால் வரும் வாகனங்கள் கமரா, ராடார், கம்பியில்லாத் தொடர்பு ஆகியவற்றின் உதவியோடு தாமாகவே தொடரும். 2012 மே மாதம் பார்சிலோனாவுக்கு அருகே, மற்ற வாகனங்களும் ஓடிக்கொண்டிருந்த நெடுஞ்சாலையிலேயே 200 கிலோமீற்றர் ஓடிக் காட்டினார்கள். வேகம் மணிக்கு 85 கிலோமீற்றர். வாகனத்துக்கும் வாகனத்துக்கும் இடையில் 6 மீற்றர்.

வாகனம் வொல்வோவுடையது. ஆனால் தொடர்பு ஒரு நொடி அறுந்தால் பின்னால் வரும் கார் என்ன செய்யும், நடுவில் வேறொருவர் புகுந்தால் யார் முதலில் பிரேக் பிடிப்பது என்ற கேள்விகளைத் தனியொரு கம்பனியோ தனியொரு ஆய்வுகூடமோ தீர்க்க முடியாது. எல்லாருடைய வேலையையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க ஒருவர் வேண்டும்.

அந்த 6 மீற்றரைக் கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் எங்கள் காலி வீதியில் விட்டுப் பாருங்கள். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், பின்னேரம் ஐந்து மணிக்கு, அந்த இடைவெளிக்குள் இரண்டு ஓட்டோ வந்து நின்றுவிடும். ஸ்பெயினில் சரியாக ஓடியது இங்கேயும் சரியாக ஓடும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. இங்கே ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

தானாக ஓடும் கார் எங்களிடம் வர நாள் எடுக்கும், சரி. மின்சாரக் கார் வந்துவிட்டதே! 2020இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியதிலிருந்து தெருவுக்குத் தெரு புது மின்கார்கள் நிற்கின்றன. மோட்டார் எத்தனை கிலோவாட் என்று பார்த்து வரி போடுகிறோம். அதன் பற்றரி கொழும்பு வெயிலில் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்க்கிறோமா?

என்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடி இங்கே வந்த பழைய மின்கார். 2018இல் வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சார்ஜையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். திகதி, பற்றரி எவ்வளவு கொள்ளும் என்று திரையில் காட்டும் கட்டைகள் எத்தனை, ஓடியது எத்தனை கிலோமீற்றர். முதல் பக்கத்தில் 12 கட்டையும் இருந்தன. நீர்கொழும்புக்குப் போய்த் திரும்பியும் மிச்சம் இருந்தது. நான்கு வருடத்தில் 8 கட்டைக்கு வந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டேன், உங்கள் ஓட்டம் பிழை என்றார். வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறினேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். வெப்பம் லித்தியம் பற்றரியின் எதிரி என்பதும், திரவத்தால் குளிர்த்தும் அமைப்பு இல்லாத பற்றரி சூட்டில் சீக்கிரம் தேயும் என்பதும் பொறியியல் படிக்கும் என் மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஜப்பானில் குளிர்காலமாவது வரும். இங்கே வருடம் முழுக்க ஒரே சூடு, இரவிலும் ஆறுவதில்லை.

இருந்தாலும் இந்தக் காரை நான் குறை சொல்லமாட்டேன். 2022இல் எரிபொருள் வரிசையில் ஊரே இரவு பகலாக நின்றபோது, எங்கள் ஒழுங்கையில் ஓடிய ஒரே கார் இதுதான். மின்வெட்டுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் சார்ஜ் போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதனால்தான் இந்த வாகனங்கள் இங்கே நிலைக்கவேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறேன்.

ஆட்கள் எங்களிடம் இல்லாமல் இல்லை. கட்டுபெத்தயில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொழும்பிலேயே வேகா என்ற நிறுவனம் மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை உருவாக்கிக் காட்டியது. ஓட்டோ மட்டும் நாட்டில் 10 லட்சத்துக்கு மேல். இறக்குமதியாளர், பல்கலைக்கழகம், மின்சாரத் துறை, ஓட்டோச் சங்கங்கள் எல்லாரையும் ஒரு மேசையில் இருத்தி, எங்கள் சூட்டிலும் கடற்காற்றிலும் வாகனங்களை ஓட்டிச் சோதிக்க ஒரு பொறியியல் நிறுவனத்துக்குப் பொறுப்புக் கொடுக்கவேண்டும். அரசாங்கம் வாகன வரியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். முடிவுகளை மூன்று மொழியிலும் வெளியிடவேண்டும், அது முக்கியம். இரகசியமாக ஒரு கோப்புக்குள் போனால், ஓட்டோவுக்கு லீசிங் கட்டுகிறவருக்கு அதால் என்ன பலன்?

அப்படி ஒரு வேலையை யாராவது தொடங்கினால் தயவுசெய்து உங்கள் பத்திரிகையில் அறிவியுங்கள். அந்தக் கொப்பியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.