புகார்: வயரைப் பார்க்காமலே சென்சார்களை மாற்றிப் பணம் வாங்கியது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று கூடாரமும் மேசை நாற்காலியும் வாடகைக்கு விடுவது என் தொழில். 2009இல் உங்கள் கடையிலேயே புதிதாக எடுத்த டீசல் பிக்கப்தான் இன்றுவரை என்னிடம் ஓடுகிறது. இதே விஷயமாக மலாயில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய பதிலைத் தவிர எதுவும் வரவில்லை. அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் பிறை கிளையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் கீழே நிறைய வரப்போகிறது.

கோளாறு என்ன என்பது உங்கள் கோப்பில் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். பாரம் ஏற்றிக்கொண்டு பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் பூலாவுக்கு ஏறும்போது, பாதி மேட்டில் எஞ்சின் விளக்கு எரியும். எரிந்த உடனே இழுவை போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும். ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். சமதரையில் வரவே வராது. இதை முதல் நாளே உங்கள் கவுண்டரில் சொன்னேன். 'மேட்டில் மட்டும், பாரத்தோடு மட்டும்' என்று அழுத்திச் சொன்னேன். வேலைச் சீட்டில் அவர்கள் எழுதியது 'எஞ்சின் விளக்கு' என்ற இரண்டே வார்த்தை.

ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறிகள் பி 0192, பி 0237. இந்த இரண்டும் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரின் வோல்டேஜ் குறைவு, இன்னொன்று டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. சென்சார் செத்துவிட்டது என்று அந்தக் குறி எங்கே சொல்கிறது? வோல்டேஜ் கீழே விழுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. அது விழுவதற்குச் சென்சாரும் காரணமாக இருக்கலாம், வயரும் இருக்கலாம், சாக்கெட்டும் இருக்கலாம். அதிலும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு சென்சார்கள் ஒரே நொடியில் சாகுமா? இரண்டுக்கும் பொதுவாக எது போகிறது என்று பார்ப்பதுதானே முதல் வேலை? உங்கள் வண்டியில் இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட் லைன் போகிறது. உங்கள் வயரிங் படத்தில் அது இருக்கிறது. உங்கள் ஆட்கள் அந்தப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

அவர்கள் செய்தது வேறு. முதலில் ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றினார்கள், 1,150 வெள்ளி (ரிங்கிட்). கோளாறு அப்படியே இருந்தது. அப்புறம் பூஸ்ட் சென்சார், 480. அதற்கும் அடங்கவில்லை. அப்புறம் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃபுளோ மீட்டர், 620. இந்த ஏர் ஃபுளோ மீட்டருக்கு ஒரு குறிகூட வந்ததில்லை. எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டால், 'பழசுதானே, எப்படியும் போகும்' என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் கட்டணம், கூலி. எல்லாம் சேர்ந்து 3,140 வெள்ளி. கடைசியில் இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரே போய்விட்டது, புதுசு போட 6,800 வெள்ளி ஆகும் என்று ஒரு தாளை நீட்டினார்கள்.

இப்போது அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. கண்ணாடி போட்டவர், சர்வீஸ் கவுண்டரில் வலது பக்க நாற்காலி. அந்த 6,800 வெள்ளித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'வயரிங் செக் பண்ணினீங்களா தம்பி?' என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்ன பதில் இது: 'அங்கிள், இந்த வண்டிக்கு இவ்வளவு பார்க்கிறதே அதிகம். இரும்புக் கடையில போட்டுட்டு புதுசு எடுங்க.' சொல்லிவிட்டுப் புது மாடல் விளம்பரத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பக்கத்தில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த வண்டிதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. வயது ஆகிவிட்டது என்றால் நன்றாகச் சோதித்துச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். சோதிக்காமலே இரும்புக் கடை என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? தமிழ்ப் பையன், கொஞ்சம் அக்கறையாகப் பார்ப்பான் என்று நம்பித்தான் அவன் கவுண்டரிலேயே போய் நின்றேன். அதுதான் இன்னும் வலிக்கிறது. சீன அம்மாள் ஒருவர் இடது பக்கம் இருக்கிறார். அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பினாங்குப் பாலத்தில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. பூஸ்ட் சென்சார் வந்துவிட்டது, காலையிலேயே வாருங்கள் என்று போன் செய்தது உங்கள் ஆள். வேலையை விட்டுவிட்டுத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பிறைக்கு ஓடி வந்தேன். மத்தியானம் வரை உட்கார வைத்தபின், வந்திருப்பது புது மாடலுக்கான சாமான், சாக்கெட் பொருந்தவில்லை என்றார்கள். என் சேசிஸ் எண் உங்களிடம் இருக்கிறது. ஆர்டர் போடும்போது அதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? சரி போகட்டும் என்று திரும்பும் வழியில், பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டிலிருந்து கூடார இரும்புகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறினேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், நிறுத்தி நிதானமாகப் பார்க்கிற இடமா அது? நடு ஏற்றத்தில் விளக்கு எரிந்து இழுவை போனது. பின்னால் கன்டெய்னர் லோரிகள் ஹார்ன் அடிக்க, அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். அன்றைக்கு என் உயிர் தப்பியது தண்ணீர்மலை முருகன் புண்ணியம். உங்கள் சர்வீஸில் வண்டியை விட்டு எடுத்த கையோடு ஒரு குடும்பம் நடுக்கடலில் செத்திருந்தால் யார் பதில் சொல்வது?

அன்று மாலை ரெலாவில் ஒரு நிச்சயதார்த்தம். கூடாரம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் ஆர்டர் வருடா வருடம் என்னிடம்தான் வரும், இந்த முறை அதுவும் கைமாறிப் போனது. 'உங்க லோரி வருமா வராதான்னு தெரியலையே' என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். இந்தத் தீவில் என் பெயர் மொத்தமாகக் கெட்டுவிட்டது என்றே சொல்வேன். என் அப்பா காலத்திலிருந்து நடக்கும் தொழிலை ஒரு சென்சார் பில் ஆட்டம் காண வைத்துவிட்டது.

உங்கள் ஆட்கள் டெஸ்ட் டிரைவ் என்று கொண்டுபோய்த் தீர்த்த டீசல் கணக்கே தனி. 2024 ஜூனில் அரசாங்கம் டீசல் மானியத்தை நிறுத்தியபோது லிட்டர் 2.15இலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளிக்குத் தாவியது உங்களுக்கும் தெரியும். எங்கே ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டால், உங்கள் கடையைச் சுற்றியிருக்கிற சமதரை ரோட்டில்! மேட்டில் வரும் கோளாறைப் பிறையின் தொழிற்பேட்டைக்குள் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கிடைக்கவில்லை என்றதும் குறியை அழித்துவிட்டு 'ஓகே' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். குறியை அழிக்கும்போது கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் இருந்தது, எவ்வளவு பாரம், எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்த விவரமும் சேர்ந்து அழிந்துபோகிறது. இது உங்கள் டெக்னீஷியனுக்குத் தெரியாதா? முதல் நாளே அந்த விவரத்தைப் பார்த்திருந்தால் பாரத்தில்தான் விழுகிறது என்று தெரிந்திருக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? புக்கிட் மெர்தாஜாமில் தகரக் கூரைக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவர். அவரிடம் இருப்பது சின்ன ஸ்கேனர், பழைய மல்டிமீட்டர் ஒன்று. அவர் கேட்ட முதல் கேள்வியே, 'எப்போது வருகிறது?' என்பதுதான். மேட்டில் என்றதும் ஸ்கேனரைப் பக்கத்தில் வைத்துவிட்டார். பூஸ்ட் சென்சார் சாக்கெட்டின் பின்பக்கம் மீட்டரின் ஊசியைக் குத்தினார், 5 வோல்ட் காட்டியது. பிறகு தன் பையனை உள்ளே உட்கார வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கியர் போட்டு கிளச்சைக் கொஞ்சம் விடச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மீட்டர் 5இலிருந்து ஒன்றுக்கும் கீழே விழுந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன்.

எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புச் சுவர் ஓரமாகப் போகும் அந்த வயர் கட்டைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்துபோயிருந்தது. எந்தக் கிளிப் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இந்த மாடலை நூற்றுக்கணக்கில் பார்த்தவர்கள் நீங்கள். கட்டு கீழே தொங்கி, இரும்புத் தாங்கியில் உரசி உரசி 5 வோல்ட் வயரின் தோல் தேய்ந்திருந்தது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ஒன்றும் தளர்ந்திருந்ததால், பாரத்தில் எஞ்சின் சாயும்போதெல்லாம் வெறும் வயர் இரும்பைத் தொடும். தொட்டதும் இரண்டு சென்சாருக்கும் வோல்டேஜ் விழும், கம்ப்யூட்டர் பயந்துபோய் இழுவையைக் குறைத்துவிடும். வயரை வெட்டி ஒட்டி, உறை போட்டு, புதுக் கிளிப் மாட்டி, மவுண்ட்டையும் மாற்றி அவர் வாங்கியது 260 வெள்ளி. அதற்கப்புறம் முழுப் பாரத்தோடு பாலிக் பூலாவ் மேட்டில் எத்தனையோ முறை ஏறிவிட்டேன். விளக்கு எரியவில்லை. இரும்புக் கடைக்குப் போக வேண்டிய வண்டி!

ஐயா, உங்களோடு சண்டை போடுவது என் எண்ணமில்லை. நல்லபடியாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். மூன்று சென்சாருக்கும் அதன் கூலிக்கும் நான் கொடுத்த 3,140 வெள்ளி முழுதும் திரும்ப வேண்டும். கழற்றிய பழைய சென்சார்கள் மூன்றும் வேண்டும், அவை நல்ல நிலையில் இருந்தவை. கேட்டபோது 'குப்பையில் போட்டாச்சு' என்றார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? பிறகு என் வண்டியின் கோப்பில் 'வாடிக்கையாளர் இசியு மாற்ற மறுத்தார்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நீக்கி, கோளாறு வயரில்தான் இருந்தது என்று எழுத வேண்டும். நாளைக்கு இந்த வண்டியை விற்கும்போது அந்த வரி என் விலையில் கை வைக்கும்.

14 நாளுக்குள் பதில் வராவிட்டால் நான் சும்மா இருக்கப் போவதில்லை. செய்த வேலையில் நியாயமான கவனமும் திறமையும் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. அங்கே போனால் 3,140 மட்டும் கேட்க மாட்டேன். போன தைப்பூச ஆர்டர், நிச்சயதார்த்தம், கெட்ட பெயர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்பேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் இதன் நகல் போகும். புக்கிட் மெர்தாஜாம் பெரியவர் சாட்சி சொல்லச் சம்மதித்துவிட்டார். தேய்ந்த வயர்த் துண்டை ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பில்களின் நகலும் வயரின் படங்களும் இத்துடன் இருக்கின்றன. என்னைச் சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூப்பிடலாம். சனி, ஞாயிறு பந்தல் வேலை இருக்கும், எடுக்க மாட்டேன். அந்தக் கண்ணாடித் தம்பியை விட்டு மட்டும் கூப்பிட வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர்
ஆயர் ஈத்தாம், பினாங்கு